முகிலில் படிந்த கரிமம்

பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜனும் ஹீலியமும்தான்; லித்தியம் இம்மியளவு. நிறை எண் 5, 8 கொண்ட நிலையான அணுக்கருக்கள் கிடையாது என்பதால் அணுக்கருச் சேர்க்கை அதற்குமேல் படியேறவில்லை. கரிமம் முதல் இரும்பு வரை விண்மீன்களின் வயிற்றில் விளைந்தவை. அதைப் பர்பிட்ஜ் தம்பதியர், ஃபவுலர், ஹாயில் ஆகிய அறிவியலாளர் நால்வரும் 1957-இல் விரிவாக நிறுவினர்.

பேருருவான முதல் விண்மீன்கள் வெடித்து மறைந்தன. அவற்றின் சாம்பல் வாயு முகில்களில் கலந்தது. அம்முகில்கள் கண்ணுக்குத் தெரியுமளவு ஒளிர்வதில்லை. அவற்றைக் காண, பின்னால் ஒரு குவாசர், அதாவது தொலைவில் பேரொளி வீசும் விண்மீன் மண்டல மையம், இருக்க வேண்டும். அதன் ஒளி முகிலைக் கடக்கையில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை விழுங்கி, நிறமாலையில் கருங்கோடு இடுகிறது. மூன்று எலக்ட்ரான் இழந்த கரிமத்தின் கோடுகள் எப்போதும் இரட்டை: 1548, 1551 ஆங்ஸ்ட்ராம். செம்பெயர்ச்சி 3 என்றால், அதாவது வரும் வழியில் அலைநீளம் நான்கு மடங்காக நீண்டிருந்தால், புறஊதாவில் பிறந்த இந்த இரட்டை 6200 ஆங்ஸ்ட்ராம் அருகே, செம்மஞ்சளில் வந்து நிற்கும். இடைவெளியும் நான்கு மடங்காகியிருக்கும், இரு அலைநீளங்களின் விகிதம் மட்டும் குலையாது. இரைச்சல் மிகுந்த நிறமாலையிலும் அதை இனங்காண்பது தனிச் சுகம்.

2011-இல் கெக் தொலைநோக்கி, கனமான தனிமங்களின் தடயமே இல்லாத இரு முகில்களைக் காட்டியது. 2023-இல் சிலியிலுள்ள வி.எல்.டி. தொலைநோக்கி வழியே, இரும்பு குறைந்து கரிமம், ஆக்சிஜன், மக்னீசியம் மிகுந்த மூன்று முகில்கள் சிக்கின. காரணம் இதுவாகலாம்: முதல் விண்மீனின் வெடிப்பு வலுவற்றதாக இருந்தால் வெளியடுக்குகள் மட்டுமே சிதறும். மையத்து இரும்பு உள்ளேயே விழுந்துவிடும்.