புழு அரித்த இலை

பூக்களையும் பூச்சிகளையும் வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மேரியானின் படங்களில் என் கண் பூவுக்குப் போவதில்லை. இலையில் புழு அரித்த ஓட்டைக்குத்தான் போகும். இத்தனைக்கும் அவருடைய முதல் நூல் அலங்காரத்துக்கானது. 1675 முதல் 1680 வரை மூன்று பகுதிகளாக வந்த அந்தப் பூ நூல், துணியில் பூவேலை செய்யும் பெண்களுக்கான மாதிரிப் படங்கள்.

1679-இல் வந்த புழு நூலில் கதை மாறுகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி எல்லாம் ஒரே தாளில், அவை தின்னும் செடியிலேயே. ஆனால் தண்டு வளையும் விதத்தில் பூவேலைக்காரியின் கை அப்படியே இருக்கிறது.

1699-இல், 52 வயதில், இளைய மகளோடு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குப் போனார். 1705-இல் வெளியான சூரினாம் நூலில் 60 படங்கள். பறவையைத் தின்னும் சிலந்திப் படம்தான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது கொஞ்சம் நாடகம். முதல் படத்தைப் பாருங்கள்: ராஜ களையோடு ஓர் அன்னாசி, அதன்மேல் கரப்பான் பூச்சிகள்! அருவருப்பை இவ்வளவு நேர்த்தியாக யார் வரைந்தார்கள்?

இந்த நூலின் சில பிரதிகளுக்குத் தனி நுட்பம். மை உலராத அச்சின்மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்துவார்கள். அச்சில் இடவலம் மாறிய படம் மறுபடி நேராகும், கோடுகளும் மெலிந்துவிடும். அதன்மேல் கையால் வண்ணம் தீட்டினால், அச்சடித்தது என்றே தெரியாது.