படுத்திருக்கும் பிறை

நோன்பு இருபதைத் தாண்டினால் புதுச்சேரி முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் பிள்ளைகளின் கையில் கத்தரிக்கோல் ஏறிவிடும். அஸருக்குப் பிறகு, நோன்பு திறக்கும் வரையில் உள்ள அந்த நேரம் காகிதம் வெட்டுவதற்கென்றே வாய்த்தது. இருபத்தொன்பதாம் நோன்பன்று பிறை தெரிந்துவிட்டால் மறுநாளே பெருநாள். ஆகவே வேலை அதற்குள் முடிய வேண்டும்.

பிறை வெட்டத் தேவை ஒரு வளையல். அதைக் காகிதத்தில் வைத்து ஒரு வட்டம், விரற்கடை நகர்த்தி இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவே ஒல்லியாகப் பிறை கிடைக்கும். இரண்டாம் வட்டத்துக்குச் சின்ன வளையலை எடுத்தால் கொம்புகள் ஒன்றையொன்று நெருங்கி வளைந்து, கொடியில் இருக்கும் பிறையாகிவிடும். எனக்குப் பிடித்தது ஒரே வளையலில் வந்த பிறைதான். வானத்துப் பிறையின் கொம்புகள் அரைவட்டத்தைத் தாண்டுவதில்லை. “நன்னி, கொம்பு ஒடிஞ்சிடும் போல இருக்கே!” என்று பிள்ளை பதறும் அளவுக்கு நுனி மெலிய வேண்டும். அந்த மெலிவில்தான் முதல் பிறையின் அழகே இருக்கிறது.

அதற்குத் தாளும் கைகொடுக்க வேண்டும். சர்தார் படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் இயங்குகிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் தாள் அது. துணியின் நார் நீளமானது. அதனால் கொம்பு நுனி நூலாக மெலிந்தாலும் துவளாது. கந்தலிலிருந்து காகிதம் செய்யும் கலையை எட்டாம் நூற்றாண்டிலேயே சமர்கந்திலும் பாக்தாதிலும் வளர்த்தவர்கள் முஸ்லிம் கைவினைஞர்கள். புதுவைப் பிள்ளையின் கையில் அதே வகைத் தாள் பிறையாவது எவ்வளவு பொருத்தம்!

நட்சத்திரத்துக்கு அந்தத் தாள் ஆகாது. சதுரத்தை இரண்டாக, நான்காக மடித்து, பிறகு மூலைவாட்டில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பதினாறு அடுக்காகிவிடும். காத்தாடி பேப்பர் ஒன்றுதான் இதற்கு ஈடுகொடுக்கும். பிறகு ஒரே ஒரு சாய்வு வெட்டு. வெட்டு மடிப்போரத்தோடு செங்கோணத்தில் பாதி சாய்ந்தால், இரண்டு சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று திரும்பிப் படிந்த எட்டுமுனை நட்சத்திரம் விரியும். குர்ஆன் பிரதிகளின் ஓரத்தில் காணும் அதே உருவம். இன்னும் ஒட்டிச் சாய்த்தால் முனைகள் ஊசியாகும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடிப்பைப் பிரிக்கும் அந்த நொடிக்காகவே நூறு தாள் வீணானாலும் தகும்.

ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சிய பசை போதும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கைவைக்கும் பசையில் கூடவே கூடாது.

தொங்கவிடுவதில்தான் புதுச்சேரியின் வானம் நுழைகிறது. இங்கே கடல் கிழக்கே. பிறை பார்ப்பவர்கள் கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே மொட்டைமாடிகளுக்கு மேலே தேட வேண்டும். இப்போதெல்லாம் பெருநாள் மார்ச், ஏப்ரலை ஒட்டி வருகிறது. அந்த மாதங்களில் நம் அட்சரேகையில் முதல் பிறை நிமிர்ந்து நிற்பதில்லை. இரு கொம்பும் மேலே பார்க்க, கரையேற்றிய படகாய் மல்லாந்து கிடக்கும். ஆகவே காகிதப் பிறைக்கும் கொம்புக்கு ஒன்றாக இரண்டு நூல் கட்டித் தொங்கவிடுவதே அழகு. ஒற்றை நூலில் கட்டினால் அது நிமிர்ந்து கொடிப் பிறையாகிவிடும்.

பெருநாள் ஆண்டுக்குப் பதினொரு நாள்போல முன்னே நகர்கிறது. 2039 வாக்கில் அது ஐப்பசிக்கு வந்துவிடும். அந்தப் பருவத்துப் பிறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அன்று ஒரு நூலைக் கொஞ்சம் நீளமாக விட்டுக் கட்ட வேண்டும். மழைக்காலம் வேறு. காத்தாடி பேப்பரின் சாயம் சுவரில் இறங்கும், தோரணத்தை வாசலில் கட்டாமல் கூடத்தில் கட்டச் சொல்லி வைக்க வேண்டும்.