பீரங்கியின் மேல் எழுதிய வரி

பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையில் கடலைப் பார்த்து நிற்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியை முதலில் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. மெர்போக்கிலிருந்து சின்னம்மாவோடு போயிருந்தேன். ஃபெர்ரி ஏறும்போதே அவர் கையில் பூப்பொட்டலம். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளையில்லை. பீரங்கி வாயில் பூ வைத்துக் கும்பிட்டால் பிள்ளை தங்கும் என்று தோட்டத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். "நீயும் கும்பிடு" என்றார். கும்பிட்டேன்.

போன மாதம் மறுபடியும் போனேன். போவதற்கு முன் கைக்குக் கிடைத்த பயணக் கட்டுரைகளை வாசித்தேன். அநேகமாக எல்லாமே பூவில் தொடங்கிப் பூவிலேயே முடிகின்றன. அது பிடிபட்ட பீரங்கி என்பது நடுவில் ஒரு வரி, அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு வரிதான் முழுக்கதை.

1603இல் டச்சுக்காரர்கள் வார்த்த வெண்கலம் அது. ஜொகூர் சுல்தானுக்குக் கொடுத்தார்கள். 1613இல் ஆச்சே படை ஜொகூரைத் தாக்கி எடுத்துக்கொண்டது. எடுத்ததை மறைக்கவுமில்லை, பீரங்கியின் மேலேயே ஜாவி எழுத்தில் பொறித்து வைத்தது. பிறகு ஆச்சேயிடமிருந்து சிலாங்கூருக்குப் போனது. 1871இல் கடற்கொள்ளையரைத் தண்டிக்கிறோம் என்று கோலசிலாங்கூரைத் தாக்கிய பிரிட்டிஷார் அதைப் பினாங்குக்குத் தூக்கி வந்தார்கள். இப்போது அது நிற்கும் கோட்டையோ ஒரு சண்டையும் பார்க்காதது!

என்ஜினியர் புத்திக்கு முதலில் தோன்றுவது, வெண்கலத்தை உருக்கி வேறு பீரங்கி வார்க்கலாமே என்பதுதான். உருக்காமல் எழுத்துப் பொறித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு வேண்டியது உலோகம் மட்டுமல்ல. யார் தோற்றார் என்பது அழியாமல் இருக்கவேண்டும்.

கண்டியிலிருந்து 1765இல் டச்சுக்காரர்கள் கொள்ளையிட்ட லெவ்கே பீரங்கியை 2023இல் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. ஸ்ரீ ரம்பாயை யாரிடம் கொடுப்பது? சிலாங்கூரா, ஆச்சேயா, ஜொகூரா? கட்டுரைகள் பூவோடு நின்றுவிடுவது இந்தக் கேள்விக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன்.

நானும் ஒன்றும் யோக்கியனில்லை. பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் எங்கள் மெர்போக்கில்தான் இருக்கிறது. யுனிவர்சிட்டி தமிழ் விழாவில் நான் 'கடாரம் கொண்டான்' என்று முழங்கிக் கைதட்டல் வாங்கியவன். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடாரத்து அரசனின் யானைகளையும் செல்வத்தையும் போர்வாயிலில் இருந்த வித்தியாதர தோரணத்தையும் எடுத்ததை வரிசையாகச் சொல்கிறது. ஆச்சேக்காரன் பீரங்கியில் பொறித்ததும் அதே மாதிரி வரிதான். அவனுடையதை வாசித்தால் கொள்ளை என்கிறேன். நம்முடையது மட்டும் எனக்குக் காவியமாகக் கேட்டிருக்கிறது. கடாரம் என்பது நான் பிறந்த மண் என்பதுகூட அன்றைக்கு மேடையில் உறைக்கவில்லை.

சின்னம்மாவுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. போன வாரம் அவரிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கே போக இடமில்ல, நான் போயி அதுகிட்ட கேட்டிருக்கேன் பாரு" என்று சிரித்தார்.