கியர்க் குமிழைக் கழற்றும் கலை

இலங்கை மலைநாட்டின் பெரகல சந்தியில் ஏ4 வீதி கொஸ்லந்தை, வெல்லவாய பக்கம் இறங்குகிறது. ஏ16 ஹப்புத்தளை, பண்டாரவளை என்று ஏறுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சாரதியின் இடது கை கியரை விட்டு அதிகம் விலகாது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடி தளரும். இரண்டாம் கியர்தான் வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் இங்கே ஓடிய பழைய கார்களில் குமிழின் எண்கள் வியர்வையில் தேய்ந்து போயிருக்கும். எனக்கு அந்தத் தேய்மானம் மிகப் பிடிக்கும்.

அந்தக் குமிழை வீட்டிலேயே கழற்றலாம். முதலில் ஹேண்ட் பிரேக், சில்லுக்கு ஒரு கல்: மலைநாட்டு முற்றத்தில் இது கட்டாயம். தோலுறையை மேலே தூக்கினால் சில வண்டிகளில் அடியில் ஒரு பூட்டு நட் தெரியும். அதைத் தளர்த்திவிட்டு, குமிழைத் துணி சுற்றிப் பிடித்து இடப்பக்கமாகத் திருக வேண்டும். இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருப்பதே நல்லது. குறடு போட்டால் குமிழில் வடு விழும். எல்லாக் குமிழும் மரை போட்டதல்ல. கிளிப்பில் நிற்பதும் உண்டு, பொத்தான் வைத்த ஓட்டோ கியரில் பக்கத்துத் திருகாணியைத் தேட வேண்டும். திருகாமல் மேலே பிடுங்குகிறவர்கள் முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

கடைசிச் சுற்றில் மரை விட்டுக்கொடுக்கும்போது விரலில் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். அதற்காகவே கழற்றலாம்.