ஒரு கிலோ பருப்புக் கணக்கு

2020 ஊரடங்கில், கண்டாச்சிபுரத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். சென்னையிலிருந்து போன் போட்டால், "சாப்பிட்டோம்பா" என்பார் அம்மா. ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது: மூன்று வேளையும் சோறு, ரசம், ஊறுகாய். அப்பா சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார்.

மத்திய அரசின் கரீப் கல்யாண் திட்டம் கூடுதலாகத் தந்தது, மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி. பருப்போ குடும்பத்துக்கே 1 கிலோ. கணக்குப் போட்டேன். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு நாளைக்கு 17 கிராம் பருப்பு. அதில் புரதம் 4 கிராம்கூட இல்லை. ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி 50 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 41 கிராம் வேண்டும். அந்த 5 கிலோ அரிசியைச் சேர்த்தாலும் பாதி எட்டாது.

யாரும் பட்டினி கிடக்கவில்லை, உண்மைதான். ஆனால் வயதானவர்களுக்குப் புரதமும் நடையும் குறைந்தால் தசை சீக்கிரம் கரையும். சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை போடும் மாநிலம், பெரியவர்களுக்கும் போட்டிருக்கலாம். நானும் "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டிருக்கலாம்.