வலையும் கண்ணியும்: தமிழ்த் திருமறையில் மங்கிய வேட்டைச் சொற்கள்

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் ஆயர்கள் சிலரோடு லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை ஒரு கோடைநாள் முழுவதும் ஆராய்ந்தோம். மறுநாட் காலையில் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்குச் சென்றோம். நீர் வற்றிய அக்கண்மாயில் சுற்றுவட்டாரத்து மக்கள் கூடி மீன்பிடித் திருவிழா நடத்திக்கொண்டிருந்தனர். ஊத்தாவைக் கவிழ்த்தபடி நடப்போரும், கச்சாவை ஏந்தி நிற்போரும், வலை வீசுவோருமாகக் கண்மாய் நிறைந்திருந்தது. நம்மை இன்னாரென அறிந்துகொண்ட முதியவர் ஒருவர், “ஏங்கய்யா, உங்க சாமியும் ஆள் பிடிக்கத்தான் உங்களை அனுப்பினாராமே? பிடிச்ச மீனு என்ன ஆகும்னு தெரியுமில்ல?” என்று சிரித்தவாறே கேட்டார். உடனிருந்தோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆனால் முந்தின நாள் முழுவதும் அவ்வதிகாரத்தை ஆராய்ந்திருந்த நம்முள் ஒருவரிடமும் அவருக்கு விடை இருக்கவில்லை.

கேள்வி எளியது. பிடிபட்ட மீன் சாகும், பிடித்தவர் பசியாறுவார். மனிதரைப் பிடிப்பதும் அத்தகையதுதானா? இதற்கு விடை தேடப் புகுந்தபோது, திருமறையின் மூலமொழிகள் வலைகளையும் கண்ணிகளையும் குறிக்க ஆளும் சொற்களை நாம் போதிய கவனத்தோடு படித்ததில்லை என்பதும், நம் மொழிபெயர்ப்பும் பிரசங்கமும் அவற்றின் வேறுபாட்டை மங்கச் செய்துவிட்டன என்பதும் தெளிவாயின. அவ்விரண்டையும் பற்றிய ஒரு திறனாய்வே இக்கட்டுரை.

பண்டையோரின் வலைகள்

கிரேக்கர் வேட்டைவலைகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். செனோஃபோன் பெயரால் வழங்கும் வேட்டைநூல் முயல்வேட்டைக்குரிய மூவகை வலைகளைக் கூறுகிறது. விலங்கு ஓடும் தடத்தில் வைக்கப்படும் பைபோன்ற வலை ‘அர்க்குஸ்’. பாதையை மறிக்கும் வலை ‘எனோதியோன்’. திறந்த வெளியை வளைத்துக்கட்டும் நெடுவலை ‘திக்துவோன்’. முதலாவது 9 இழைகளாலும், இரண்டாவது 12 இழைகளாலும், மூன்றாவது 16 இழைகளாலும் முறுக்கப்படவேண்டும். நெடுவலை 10, 20 அல்லது 30 பாகம் நீளமுடையது. நூலோ பாசிஸ், கார்த்தேஜ் ஆகிய இடங்களின் மெல்லிய சணல்நாராக இருத்தல் வேண்டும். இத்துணை நுட்பம் வேட்டுவனுக்குத் தேவைப்பட்டது. எந்த வலையை எங்கே வைப்பது என்பதில் பிழைத்தால் அன்றைய வேட்டை பொய்த்துப்போகும்.

இலத்தீன் மொழியாரும் ‘ரேத்தே’ என்பதைப் பொதுப்பெயராகவும், ‘காசெஸ்’ என்பதைப் பைவலைக்கும், ‘பிளாகே’ என்பதை இடைவெளிகளை அடைக்கும் வலைக்கும் வழங்கினர். கி.மு. முதல் நூற்றாண்டினரான வர்ரோ, ‘ரேத்தே’ என்பதை நெருக்கமின்மையைக் குறிக்கும் சொல்லோடு இணைத்தார். வலையை வலையாக்குவது நூல் மட்டுமன்று, நூல்களுக்கு நடுவிலுள்ள கண்ணும் ஆகும் என்பதை அவர் கண்டிருக்கிறார். சல்லடையைக் குறிக்கும் லித்துவானியச் சொல்லை இக்கால மொழிநூலாரும் இதனோடு ஒப்பிடுவது கருதத்தக்கது.

எனினும் சொல்லின் பிறப்பையே அதன் பொருளாகக் கொள்ளுதல் தவறு. இறையியல் மாணவர் இத்தவற்றில் எளிதாக விழுவதை ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியிட்ட நூலில் கண்டித்துள்ளார். நாம் எடுத்துக்கொண்ட சொற்களிலேயே இதற்குச் சான்றுண்டு. ‘திக்துவோன்’ எறிதலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையதென்பர். ஆயின் செனோஃபோன் கூறும் ‘திக்துவோன்’ எறியப்படுவதன்று, முளைகளை நட்டு நிறுத்தப்படுவது. தமிழிலும் ‘கண்ணி’ சூடும் மாலைக்கும் பெயர், பறவை சிக்கும் சுருக்குக்கும் பெயர். ‘பொறி’ எலியைப் பிடிப்பதும் ஆகும், ஐம்புலன்களின் வாயிலும் ஆகும். ஆகவே சொற்பிறப்பு நமக்கு வழிகாட்டலாம். தீர்ப்பு வழங்க வேண்டியது வழக்கே.

புதிய ஏற்பாட்டின் பாகுபாடு

புதிய ஏற்பாட்டின் வழக்கைச் சொல்வாரியாக நோக்கினால் ஒரு பாகுபாடு புலப்படும். மீனவரின் வலைக்கு மூன்று சொற்கள் வருகின்றன. ‘திக்துவோன்’ பொதுச்சொல். ‘அம்ஃபிப்ளேஸ்ட்ரோன்’ ஒருவன் நின்று சுற்றிவீசும் வலை (மத்தேயு 4:18). ‘சகேனே’ பலர் கூடிக் கரைக்கு இழுக்கும் பெருவலை; இது மத்தேயு 13:47-இல் மட்டுமே காணப்படுகிறது.

வேட்டுவனின் கருவிகளுக்கோ வேறு சொற்கள் உள்ளன. இறுகப் பொருத்துதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த ‘பகிஸ்’ கண்ணியைக் குறிக்கும், ‘ப்ரொகோஸ்’ சுருக்குக்கயிறு, ‘ஸ்காண்டலோன்’ இரை கோத்த பொறியின் விசைக்குச்சியோடு உறவுடையது, ‘தேரா’ வேட்டை. இவற்றில் ஒன்றேனும் அப்போஸ்தலரின் ஊழியத்துக்குரிய கருவியாகச் சொல்லப்பட்டுள்ளதா? ஓரிடத்திலும் இல்லை. கண்ணி பிசாசினுடையது (1 தீமோத்தேயு 3:7); ஐசுவரியவான்களாக விரும்புவோர் விழுவது (6:9); எதிர்பாராது வரும் நாளுக்கு உவமை (லூக்கா 21:35). இயேசுவின் பகைவர் அவரைப் பேச்சில் சிக்கவைக்க வந்ததைக் கூறுமிடத்து, மத்தேயு கண்ணிவைத்தலைக் குறிக்கும் வினையையும் (22:15), மாற்கு வேட்டையாடிப் பிடித்தலைக் குறிக்கும் வினையையும் (12:13) ஆளுகின்றனர். பவுலோ தாம் கொரிந்தியர்மேல் சுருக்கெறிய வரவில்லை என்று வெளிப்படையாகவே மறுக்கிறார் (1 கொரிந்தியர் 7:35). வேட்டையாடப்பட்டவர் நம் ஆண்டவர். வேட்டைக்காரர் அவருடைய பகைவர். இதுவே புதிய ஏற்பாட்டின் வழக்கு.

எரேமியா 16:16-இல் ஆண்டவர் மீன்பிடிப்போரையும் வேட்டைக்காரரையும் அனுப்புவதாகக் கூறவில்லையா என்று மாணவர் வினவலாம். கூறுகிறார், ஆனால் அது தண்டனைத் தீர்ப்பின் வாக்கு. அவ்வேட்டைக்காரர் நற்செய்தி கொண்டுவருவோர் அல்லர்.

நம் மொழிபெயர்ப்பின் நிலை

இப்பாகுபாடு நம் கையிலுள்ள தமிழில் எவ்வளவு தெரிகிறது? தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சு வரலாறு 1715-இல் தரங்கம்பாடிக் கடற்கரையில் நிறைவுற்ற பதிப்போடு தொடங்குகிறது. வீச்சுவலையையும் கரைவலையையும் அறியாத கரையன்று அது. எனினும் 1871-இல் வெளிவந்து இன்றும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் ஐக்கிய மொழிபெயர்ப்பில், மூன்று மீன்வலைகளும் ‘வலை’ என்னும் ஒரே சொல்லாய்விட்டன. ரோமர் 11:9-இல் ‘பகிஸ்’ சுருக்காகிறது, ‘தேரா’ கண்ணியாகிறது. பவுல் மறுத்த ‘ப்ரொகோஸ்’ என்னும் சுருக்கோ கொரிந்தியரில் கண்ணியாகிறது. மத்தேயுவும் மாற்கும் ஆண்ட இருவேறு வேட்டைவினைகள் ‘அகப்படுத்து’ என்னும் ஒரே வினையில் ஒடுங்கி, வேட்டையின் சாயலையே இழந்துவிட்டன.

அம்மொழிபெயர்ப்பாளரின் உழைப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கேட்போருக்கு எளிதில் விளங்கவேண்டும் என்பதே அவர்தம் கருத்தாயிருந்திருக்கும். ஆனால் வீச்சுவலை, கரைவலை என்னும் சொற்கள் நம் மீனவருக்கு இலக்கணச் சொற்கள் அல்லவே. நாள்தோறும் வாயில் வழங்குபவை. கரைவலை என்று சொல்லியிருந்தால், மத்தேயு 13-இன் உவமையில் வலையை இழுப்பது ஒரு தனி ஊழியரின் திறமையன்று என்பதும், நல்லதையும் ஆகாததையும் பிரிப்பது தேவதூதரின் வேலையேயன்றி நம்முடையதன்று என்பதும் கேட்ட மாத்திரத்தில் விளங்கியிருக்கும்.

உயிரோடே பிடித்தல்

இவையனைத்தையும்விடப் பெரிய இழப்பு லூக்கா 5:10-இல் நேர்ந்தது. மத்தேயுவும் மாற்கும் ‘மனிதரைப் பிடிக்கும் மீனவர்’ என்னும் கருத்துடைய தொடரை எழுதினர். லூக்கா அதை எழுதவில்லை. அவர் ஆண்ட வினை ‘சோக்ரெயோ’. உயிருள்ள என்னும் பொருளுடைய சொல்லும், பிடித்தல் என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்த கூட்டுச்சொல் அது. உயிரோடே பிடித்தல் என்பது பொருள். இங்கே நாம் சொற்பிறப்பை மட்டும் நம்பவில்லை. வழக்கும் அதையே கூறுகிறது. ஹோமரின் இலியத்தில் தோற்ற வீரன் கொல்லாமல் தன்னைப் பிடிக்கும்படி கெஞ்சுவது இவ்வினையால்தான். கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் ராகாப் தன் தகப்பன் வீட்டாரை உயிரோடே காக்கும்படி வேண்டுவதும் (யோசுவா 2:13), யோசுவா அவளை உயிரோடே வைத்ததும் (6:25) இவ்வினையாலேயே சொல்லப்படுகின்றன. யோசுவாவின் பெயர் கிரேக்கத்தில் ‘இயேசு’ என்றே வருவதை லூக்காவின் வாசகர் உணராதிருந்திருக்க முடியாது.

கண்மாய்க்கரை முதியவருக்குரிய விடை இதுவே. பிடிபட்ட மீன் சாகும் என்பதை லூக்காவும் அறிவார். அதனாலேயே சீமோன் இனிப் பிடிப்பது சாவுக்கன்று, வாழ்வுக்கு என்னும்படி சொல்லை மாற்றினார். மேலும், அச்சொல் உரைக்கப்பட்டவுடன் அவர்கள் படவுகளைக் கரையில் சேர்த்து, எல்லாவற்றையும் விட்டார்கள். வலைகளும் அங்கேயே நின்றுவிட்டன.

இலத்தீன் வுல்காத்தா இவ்விடத்தில் வெறும் ‘பிடித்தல்’ என்னும் வினையை வைத்தது. சீரியப் பெஷீத்தாவோ வாழ்வுக்கென்று பிடித்தல் என்னும் பொருளைக் காத்தது. நம் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் இவ்விடத்தில் இலத்தீனின் பக்கமே நிற்கின்றன. ‘பிடி’ என்னும் வினைக்குத் தமிழில் உள்ள நிழலையும் நோக்குக: காவலர் கள்வனைப் பிடிப்பர், பேய் பிடிக்கும், தேர்தற்காலத்தில் ஆள்பிடிப்பர். உயிர் என்னும் சொல் உடனில்லாதவிடத்து, ‘பிடி’ தனியே நின்று இந்நிழல்களையெல்லாம் நற்செய்தியின்மேல் வீழ்த்துகிறது.

புதிய ஏற்பாட்டில் இவ்வினை இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது: 2 தீமோத்தேயு 2:26. பிசாசின் கண்ணியில் உயிரோடே பிடிபட்டவர்களை அவ்வசனம் பேசுகிறது என்பதே பெரும்பான்மை வழக்கு. 1881-ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருத்திய பதிப்போ, கண்ணியினின்று அவர்களை உயிரோடே எடுப்பவன் ஆண்டவருடைய ஊழியனே என்று கொண்டது. எவ்வாறு கொள்ளினும், பிடித்தவர் யார், எதற்காகப் பிடித்தார் என்னும் கேள்வி எழாமற்போகாது. உயிரோடே பிடிபடுதல் தன்னளவில் நன்மையன்று. திருப்பத்தூர் மண்ணுக்கு இது புதிய செய்தியும் அன்று: மருது சகோதரர் காடுகளில் தேடப்பட்டு உயிரோடே பிடிபட்டு, 1801 அக்டோபர் 24 அன்று இவ்வூரில் தூக்கிலிடப்பட்டனர். ஆகவே இவ்வினையை மொழிபெயர்ப்போர் ‘வாழும்படி’ என்னும் நோக்கத்தையும் சேர்த்துரைத்தல் நலம். ‘மனிதரை வாழ்வுக்கென்று உயிரோடே சேர்ப்பவன்’ என்பது நாம் முன்வைக்கும் தொடர். இதனினும் சிறந்ததை மாணவர் காண்பாராயின் மகிழ்வோம்.

பிரசங்க பீடத்தின் பொறுப்பு

மொழிபெயர்ப்பின் குறையைப் பிரசங்கம் பெருக்கிவிடுகிறது. ‘வலைவீசி ஆத்துமாக்களைப் பிடிப்போம்’ என்னும் பேச்சை எழுப்புதல் கூட்டங்களில் கேளாதார் யார்? நாமும் இளமையில் அவ்வாறு பேசியவர்களே. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவரப்பட்டு 2004-இல் நீக்கப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி என்னும் மூன்றைப் பெயரிட்டது. அச்சட்டத்தின் நியாயம் வேறு பொருள். ஆனால் அம்மூன்றும் வேட்டுவனின் கருவிகள் அல்லவா? கண்ணியின் மொழியை நாமே பீடத்தில் பேசிவிட்டு, அயலார் நம்மை வேட்டைக்காரர் என்று எண்ணும்போது வியப்பது எங்ஙனம்?

ஆபகூக் 1:16 தன் வலைக்கே பலியிட்டுத் தூபங்காட்டுவோனைப் பற்றிப் பேசுகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ஆளும் சொற்கள் ‘சகேனே’, ‘அம்ஃபிப்ளேஸ்ட்ரோன்’ ஆகிய நற்செய்தி நூலின் வலைகளே. எண்ணிக்கைப் பட்டியலையும் கூட்டத்தின் பெருக்கத்தையும் வணங்கத் தொடங்கும் திருச்சபை, தன் வலைக்கே தூபங்காட்டுகிறது.

திருப்பத்தூர் வட்டத்திலேயே வேட்டங்குடிக் கண்மாய்கள் உள்ளன. 1977 முதல் அவை பறவைகள் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வந்திறங்கும் பறவைகள் கலையாதிருக்கும்படி தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. அங்கே பறவைகளை எவரும் பிடிப்பதில்லை. அவை தாமாக வந்து, கூடுகட்டி, குஞ்சுபொரித்து, வாழ்கின்றன. அக்கண்மாய்க்கரையில் நின்று லூக்கா 5:10-ஐ மீண்டும் வாசித்தோம். சீமோனுக்கு ஒப்புவிக்கப்பட்ட வேலை இதற்கே நெருக்கமானது என்று தோன்றியது. அடுத்த முறை இவ்வசனத்தின்மேல் பிரசங்கிக்க எழும் ஆயர், பீடத்தில் ஏறுமுன் ஒரு கேள்வியைத் தம்மிடமே கேட்பாராக: நம் கையில் இருப்பது எந்தச் சொல்?