திரையிலிருந்து சாளரத்திற்கு

கணினித் திரையில் வரையப்படுவதை ஓவியம் என ஏற்கலாமா என்று ஓவியம் பயிலும் மாணவர்கள் இன்றும் வினவக் காண்கிறோம். ஏற்பதில் நமக்குத் தயக்கமில்லை. நம்மை உறுத்துவது வேறொரு வினா. தாளில் தீட்டியதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். ஒளியாலேயே ஆன ஓவியத்தை எங்கே மாட்டுவது?

இவ்வினாவோடு ஆண்டுக்கணக்கில் போராடியவர் டேவிட் ஹாக்னி. 1937இல் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் பிறந்த இவர், எழுபது வயதைக் கடந்தபின் ஐபோனில் விரலால் வரையத் தொடங்கினார். 2010இல் ஐபேட் வெளிவந்ததும் அதைக் கையிலெடுத்தார். குவளை மலர்களும் படுக்கையறைச் சாளரத்திற்கு வெளியே புலரும் வானமும் அவருடைய தொடக்ககாலப் பாடுபொருள்கள். திரை தானே ஒளிர்வதால், விளக்கேற்றாமல் இருளில் இருந்தவாறே விடியலை வரைய முடிந்தது. (வண்ணக் கிண்ணமும் தூரிகையுமாக அதைச் செய்ய இயலுமா!) வரைந்தவற்றை நண்பர்களுக்கு உடனுக்குடன் அனுப்பியும் வைத்தார்.

2010இல் பாரிஸ் நகரில் இப்படங்கள் காட்சிக்கு வந்தபோது, ஐபோன்களும் ஐபேட்களுமே சுவரில் பொருத்தப்பட்டன. பிறந்த ஒளியிலேயே படங்கள் நின்றன, அது பெருஞ்சிறப்பு. ஆயினும் தனியொருவர் கையில் ஏந்திப் பார்ப்பதற்கென அமைந்த சிறு திரையைப் பலர் கூடிநின்று எட்டிப் பார்ப்பதில் ஏதோ பொருந்தாமை இருக்கத்தான் செய்கிறது.

2012இல் இலண்டன் ராயல் அகாடமியில் அவர் நேர்மாறான வழியை மேற்கொண்டார். யார்க்ஷயரின் வோல்ட்கேட் சாலையில் 2011ஆம் ஆண்டு இளவேனில் வந்த வரவை வரைந்த 51 ஐபேட் படங்களைப் பெரிதாக்கித் தாளில் அச்சிட்டு மாட்டினார். அவற்றோடு 32 துணித்துண்டுகளை இணைத்துத் தீட்டிய பேரோவியம் ஒன்றும் இடம்பெற்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தது துணிவே. ஆனால் ஒப்பீட்டில் அச்சுப்படங்கள் தோற்றன என்பதே நம் கருத்து. திரையில் மின்னிய பச்சை தாளில் சுவரொட்டியின் பச்சையாகிவிடுகிறது. வண்ணப்பூச்சின் தடிப்பும் இல்லை, திரையின் ஒளியும் இல்லை. இளவேனிலைக் காட்டவந்த படத்திற்கு இது சிறிய இழப்பன்று.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தில் 2018இல் திறக்கப்பட்ட 'அரசியின் சாளரம்' இவ்வகையில் நம் கவனத்திற்குரியது. இரண்டாம் எலிசபெத்தின் ஆட்சியைச் சிறப்பிக்க எழுந்த இச்சாளரத்தில் அரசியின் முகமில்லை. புனிதர் உருவமோ விவிலியக் காட்சியோ இல்லை. யார்க்ஷயர் நாட்டுப்புறத்தில் பூத்துக் குலுங்கும் ஹாத்தார்ன் என்னும் முட்செடிகளே உள்ளன. ஹாக்னி ஐபேடில் வரைந்த வடிவை யார்க் நகரக் கைவினைஞர்கள் வண்ணக் கண்ணாடியில் ஆக்கினர்.

ஆலயச் சாளரத்தில் இத்தனை பகட்டான நிறங்களா என முகஞ்சுளிப்போர் இருக்கலாம். பழைய பேராலயக் கண்ணாடிகளின் சிவப்பும் நீலமும் அடக்கமானவையா என்ன? நாம் வியப்பது வேறு. அச்சுத்தாளில் குறையாகத் தெரிந்த தட்டையான நிறமும் கூர்மையான விளிம்பும் கண்ணாடிக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. நிறத்துண்டுகளை ஈயக்கோடுகளால் பிணைக்கும் இக்கலைக்கு அவையன்றோ தேவை! திரையைப் போலவே இங்கும் ஒளி பின்னிருந்து வருகிறது. நிற்பதற்கு இடமும் அண்ணாந்து பார்ப்பதற்கு உயரமும் உண்டு.

ஒன்றை மட்டும் கண்ணாடியால் தர இயலவில்லை. ஐபேடில் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் வரைந்த வரிசையிலேயே மீண்டும் ஓடவிட்டுக் காணலாம். கை தயங்கிய இடமும் அங்கே தெரியும். சாளரத்தில் அந்த வழித்தடம் மறைந்துவிட்டது. இருளிலும் ஒளிர்ந்த கருவியில் பிறந்த அப்பூக்கள், அங்கே ஒவ்வொரு நாளும் பொழுது புலரக் காத்திருக்கின்றன.